வௌவால் செதுக்கிய பொடிப்புட்டி

தனக்கொடியைப் பற்றி ராசி, கீசி என்று யாராவது என் காதுபடப் பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளுக்கு இருக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. பாகூரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். நான் செல்வகுமாரி, ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். இந்தத் தெருவுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புருஷனைத் தின்றவள் என்று அவள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அந்தப் பேச்சை யார் ஆரம்பித்து வைத்தது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

தனக்கொடிக்கு வில்லியனூர் பக்கம் பிறந்த வீடு. சின்ன வயதிலேயே தாய் போய்விட்டாள். கைக்குழந்தையாக இருந்த தம்பி அரிகரனை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தவள். களை எடுக்கப் போகிற இடத்தில் கூட இருந்த பெண்கள் தலைவலிக்கு நல்லது என்று மூக்குப்பொடி கொடுத்தார்கள். பழகிவிட்டது. கல்யாணமாகி வரும்போது பெட்டிக்குள் புடவையோடு பொடிமட்டையும் வந்தது. மணப்பெண் தும்மித் தும்மிப் பந்தியில் உட்கார்ந்திருந்தாள் என்று இன்றைக்கும் இந்தத் தெருவில் சொல்லிச் சிரிக்கிற ஆட்கள் உண்டு.

அவள் புருஷன் உலகநாதன் அண்ணன் சிரித்ததோடு நிற்கவில்லை. அவர்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்று பெயர். அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய்விட்டு வந்தவர். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியைக் கிளறி ஒரு கல் புட்டியை எடுத்து வந்து, பெண்டாட்டி கையில் கொடுத்தார் அண்ணன்.

"சைகோன்ல ஒரு சீனாக்காரன் குடுத்ததாம். பொடி போட்டு வைக்கிறதுக்குன்னே குடைஞ்சது. நீ இன்னா மட்டையில முடிஞ்சி வச்சிகினு கீற?"

நான் அதை எத்தனையோ தடவை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தேன் நிறத்தில் வழவழப்பான கல். வாய் அவ்வளவு சின்னது, சுண்டுவிரல்கூட நுழையாது. மூடியோடு சேர்ந்தே ஒரு எலும்புக் கரண்டி, அதால்தான் பொடியை அள்ள வேண்டும். அந்தக் கல்லில் ஒரு இடத்தில் மட்டும் பழுப்பாகத் திட்டு இருந்தது. செதுக்கினவன் அந்தத் திட்டை வீணாக்காமல் சிறகு விரித்த ஒரு வௌவாலாக்கி விட்டிருந்தான். கீழே ஒரு மான் படுத்துக்கொண்டு மேலே பார்க்கும். பக்கத்தில் ஒற்றைக் காலில் ஒரு நாரை. நம் ஏரியில் நிற்கிறதே, அதேபோல.

"மான் நீ, கொக்கு நானு" என்பாராம் அண்ணன்.

"அப்ப வௌவாலு?"

"நம்மள ரெண்டு பேரையும் மேல இருந்து பாத்துகினு கீதே, அது எங்க அக்கா."

இதை என்னிடம் சொல்லிவிட்டுத் தனக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த அக்கா, விஜயகுமாரி, நெட்டப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். வந்தால் அடுப்பங்கரையில் ஆரம்பித்துக் கொல்லை வரைக்கும் குற்றம் கண்டுபிடிப்பார். ஆனால் கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிர்.

அரிகரனையும் அண்ணன்தான் ஆளாக்கினார். பத்தாவதோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனைத் தனக்குத் தெரிந்தவர் மூலமாகப் பாண்டியில் ஒரு பழம்பொருள் கடையில் சேர்த்துவிட்டார். செட்டிநாட்டுத் தூண், பித்தளை விளக்கு, பழைய பீங்கான் என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்கிப் போகிற கடை. அங்கே சாமான் தூக்குவதும் துடைப்பதும் அவன் வேலை. லீவு நாளில் அக்கா வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, அக்கா மடியிலிருந்து அந்தப் புட்டியை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். தம்பிக்கும் பொடி ஆசை வந்துவிட்டதோ என்று அவள் கிண்டல் பண்ணுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சம்பா அறுவடை நேரம். சாயங்காலம் இவர்கள் வீட்டுக்குள் ஒரு வௌவால் வந்துவிட்டது. கூடத்தை நாலு சுற்றுச் சுற்றியது. அண்ணன் துண்டை வீசி வெளியே விரட்டினார். விஜயகுமாரி போனில், "பூசணிக்கா சுத்தி ஒடைங்கடா" என்றார். "அது வழி தெரியாம வந்துது, நான் வழி காட்டி அனுப்பிட்டேன்" என்று அண்ணன் சிரித்தார். அந்த வாரமே, ரோட்டில் காயப் போட்டிருந்த வைக்கோலில் வண்டி சறுக்கி, பாலத்துக் கட்டையில் தலை மோதி, அவர் போய்ச் சேர்ந்தார். வைக்கோலை ரோட்டில் பரப்பியவன் மேல் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் பரப்புகிறார்கள், யாரைச் சொல்வது?

கருமாதி அன்று கூடம் நிறையச் சொந்தம். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அக்கா தோளில் போட்டுவிட்டு அரிகரன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நான் அவனுக்கு எதிரில்தான் இருந்தேன்.

"யக்கா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. நாலு தேசத்து சாமான் பாக்கறவன் நானு. வௌவால் செதுக்கின பொருளு வூட்ல இருந்தா அது உசுரு கேக்கும். அந்தக் கல்லு வௌவால் கூப்ட்டுதான் நெச வௌவால் உள்ள வந்துது. மாமாவைக் கூட்டிகினு பூட்டுது."

யாருக்குமே தோன்றாத ஒன்றை அவன் எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்குள் வௌவால் வந்தது தெருவுக்கே தெரியும். அவள் இடுப்பில் கல் வௌவால் இருப்பதும் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு வாய் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விஜயகுமாரி மாரில் அடித்துக்கொண்டார். "இத்தினி வருசமா எமனை இடுப்புல சொருவிகினு திரிஞ்சியாடி பாவி. என் தம்பி மூஞ்சைப் பாத்துகினே திரிஞ்சியாடி."

தனக்கொடி மடியை அவிழ்த்துப் புட்டியை எடுத்தாள். ஏரியில் போடுகிறேன் என்று எழுந்தவளைத் தம்பி தடுத்தான்.

"ஏரித் தண்ணி ஊருக்கே பாயறது, அதுல போடக்கூடாது. குடு, நான் கடல்ல போட்டுட்டு தலை முழுவிடறேன். உன் பாவத்த நான் சொமக்கறேன்."

உன் பாவத்தை. அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பாசமாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தனக்கொடி எப்படி வாழ்ந்தாள் என்றால், ஓரமாக வாழ்ந்தாள். பொடியை விட்டுவிட்டாள், தலைவலியை வைத்துக்கொண்டாள். யார் வீட்டு விசேஷத்துக்கும் போக மாட்டாள். எனக்குப் பேத்தி பிறந்தபோது வாசல்படிக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வந்து தூக்கு என்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விஜயகுமாரி வந்தால் வாசலோடு தம்பி மகள் அர்ச்சனாவைப் பார்த்துவிட்டுப் போவார், இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அண்ணனுக்கு வருஷா வருஷம் திதி கொடுப்பார்கள். படையல் போடுகிற நேரத்தில் தனக்கொடி கொல்லையில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. கல் நெஞ்சுக்காரி என்று அதற்கும் பேர் வைத்தார்கள். ஒருநாள் நான் தாங்காமல் கேட்டுவிட்டேன், ஏண்டி, புருஷனுக்காக அழுதால்தான் என்ன என்று.

"கொன்னவ அழுவலாமா செல்வி?" என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

அர்ச்சனா படித்து ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். மூன்று வரன் வந்து தட்டிப்போனது. தாயின் ராசியைக் கேள்விப்பட்டுத்தான் போனார்கள் என்று தனக்கொடி முடிவே கட்டிவிட்டாள். நாலாவதாக மதகடிப்பட்டுப் பக்கத்திலிருந்து நல்ல இடமாக வந்து, கூடி, கல்யாணத் தேதியும் குறித்தாகிவிட்டது. நான் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அளவு டேப் அவள் தோளில் இருக்கும்போதே அர்ச்சனாவின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது.

"அம்மா, மாமா கடையில வீடியோ போட்டுகீறாங்க. மாமாதான் பேசறாரு பாரு."

மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அரிகரன் கலர் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றான். உள்ளங்கையில் அந்தப் புட்டி. மூடி மட்டும் புதுசாகச் சிவப்பில் இருந்தது. வாய் ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடம் அப்படியே இருந்தது. அம்மிமேல் விழுந்து உடைந்தது, நான் கூடவே இருந்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே பேசினான். "இது சீனாக்காரங்க கல்லைக் குடைஞ்சு பண்ண மூக்குப்பொடி புட்டி. இதுல ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. மேல பாருங்க, வௌவால். நம்ம ஊர்ல வௌவால்னா பயப்படுவாங்க. சீனாவுல அதுதான் அதிர்ஷ்டம். அஞ்சு வௌவால் செதுக்கினா அஞ்சு பாக்கியமும் வரணும்னு அர்த்தம். கீழ மானு, பக்கத்துல நாரை. ரெண்டுமே நீண்ட ஆயுசு. ஆகமொத்தம், இதை வச்சிருக்கறவங்க குடும்பம் ரொம்ப நாள் நல்லா இருக்கணும்னு வாழ்த்திக் குடுக்கற பொருள் இது. நம்ம ஜனங்களுக்கு அருமை தெரியாது. எங்க சொந்தத்துலயே ஒருத்தங்க இதைத் தூக்கி ஏரியில போடப் போனாங்க."

அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அர்ச்சனா போனைக் கட்டிலில் எறிந்தாள். தனக்கொடி மட்டும் அதை எடுத்து, மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது அவனுக்கு எப்ப தெரியும் செல்வி?"

புட்டி போனது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் அன்றைக்குத் தெரியாமல் உளறினானா, தெரிந்தே சொன்னானா? தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுவாள், என் தம்பி பாவம், அவனும் பயந்துதான் சொன்னான் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். அந்தப் பதில் கிடைக்க வேண்டுமே என்று மறுநாள் பஸ்ஸில் பாண்டி போகிற வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கடையில் ஏசி போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அரிகரன் முகம் செத்துவிட்டது. ஓரமாகக் கூட்டிப்போய் டீ சொல்லட்டுமா என்றான். அவள் வேண்டாம் என்றாள்.

"வௌவாலுக்கு இன்னா அர்த்தம்னு உனக்கு எப்ப தெரியும் அரி?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? கல்யாண வேலை தலைக்கு மேல கீது."

"மாமா சாவறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் கண் அலமாரிப் பக்கம் போனது. பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு இடத்தில் பொய் சொல்லியிருந்தால் அவளுக்குப் புண்ணியமாகப் போயிருக்கும். இத்தனை பொய் சொன்னவனுக்கு அங்கே மட்டும் நாக்கு புரளவில்லை.

"முன்னாடியே தெரியும்க்கா. இந்த மாதிரி ஒண்ணு கடைக்கு வந்துது, ஓனர்தான் சொல்லிக் குடுத்தாரு. உங்கிட்ட கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட, மாமா நெனப்புன்னு சொல்லிடுவ. இத கொண்டாந்து குடுத்தப்புறம்தான் ஓனரு என்ன மதிச்சாரு, இத விக்காம அலமாரியிலயே வச்சிகினாரு. அதுவரைக்கும் மூட்டை தூக்கிகினு கெடந்தேன். நீ எப்டியும் ஏரியிலதான போட்டிருப்ப. உனக்கு இன்னா நஷ்டம்?"

தனக்கொடி அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் செருப்பு பேசியிருக்கும். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"நலங்கு அன்னிக்கு சீரு எடுத்துகினு வருவ இல்ல? எங்க அண்ணி வருவாங்க, கருமாதிக்கு வந்த அத்தினி பேரும் வருவாங்க. அன்னிக்கு அவங்க எதிர்லதான சொன்ன, இதயும் அவங்க எதிர்லயே சொல்லிடு. நான் சொன்னது பொய்யி, எங்க அக்கா ஒண்ணும் பண்ணலன்னு சொல்லிடு. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் வாணாம்."

"சரிக்கா, சொல்லிடறேன்" என்றான். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டான். அவன் சொல்லிவிடுவான் என்று அவள் நம்பினாள். வளர்த்த கை அப்படித்தான் நம்பும் போலிருக்கிறது.

நலங்கு அன்று வாசலில் பந்தல். தாய்மாமன் வந்து முதல் நலங்கு வைக்க வேண்டும் என்று அர்ச்சனா மணையில் காத்திருந்தாள். விஜயகுமாரி கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தார், தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். மேளம் முன்னால் வர, அரிகரன் பெண்டாட்டியோடு தட்டு வரிசையோடு வந்தான். ஆரத்தித் தட்டு என் கையில் இருந்தது. எப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்கிற தனக்கொடி, என்னைத் தாண்டி வந்து வாசல்படியில் நின்றாள்.

"சொல்லிட்டு உள்ள வா அரி."

மேளக்காரன் நிறுத்தினான். அரிகரன் நாலு பக்கமும் பார்த்துச் சிரித்தான். "அக்காவுக்கு கல்யாண டென்சன்" என்றான். பிறகு குரலை இறக்கி, "நல்ல நேரம் போவுதுக்கா. இந்தா, ஓனர் கால்ல கையில வுழுந்து உன் பொருளையே வாங்கியாந்துட்டேன், போதுமா?" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்துப் பிரித்தான்.

புட்டியைக் கூடத்திலிருந்தே பார்த்துவிட்டார் விஜயகுமாரி. அலறிக்கொண்டு எழுந்தார். "அய்யோ, அந்தச் சனியன் இன்னும் கீதா? நல்ல நாளும் அதுவுமா பொண்ணு எதிர்ல நீட்றானே. என் தம்பிய முழுங்கினது போதாதாடி, இப்ப பொண்ணையும் குடுக்கப் போறியா?"

தட்டோடு நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அர்ச்சனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்கூடத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அவன் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்தாள், மச்சான்மார்கள் பார்த்தார்கள். அரிகரன் புட்டியைத் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். கருமாதி அன்று பேசத் தெரிந்தவன், இன்றைக்கு ஊமையாகிவிட்டான். பாவி.

தனக்கொடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கொடுத்தாள். பிறகு திரும்பி நாத்தனாரிடம் பேசினாள்.

"அண்ணி, வௌவாலு யாரையும் முழுங்கல. அதுக்கு நல்ல அர்த்தம்னு இவனுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் உங்க எல்லார் எதிர்லயும் மாத்தி சொன்னான். அந்தப் புட்டிய எடுத்துக்கணும்னுதான் அப்டி சொன்னான்."

விஜயகுமாரி நம்ப முடியாமல் அரிகரனைப் பார்த்தார். "நெசமாடா?"

அவன் தலை நிமிரவில்லை. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பன்டா" என்றாள் தனக்கொடி. "உனக்கு நான் எத குடுக்கல? நீ புட்டிய எடுத்துகினு போனது போவட்டும். அவரு செத்ததுலருந்து இன்னிக்கி வரைக்கும் அவருக்காக நான் மனசு வுட்டு அழுவல. போட்டோவ நிமிந்து பாத்ததில்ல. கொன்னவளுக்கு இன்னாடி அழுகன்னு நெஞ்ச அடச்சிகினு கெடந்தேன். அந்த அழுகைய எந்தக் கடையில கொண்டுபோய் வித்த, சொல்லு."

அவன் "யக்கா" என்றான்.

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, பந்தலும் மேளமும் தட்டு வரிசையும் இருக்கும்போதே, உலகநாதன் பேரைச் சொல்லி அழுதாள். சாவு வீட்டில் அழுகிற மாதிரி, வாய் விட்டு, என்ன ஆண்ட ராசா என்று ஆரம்பித்து அழுதாள். நலங்கு வீட்டில் அப்படி அழக்கூடாது, எல்லாருக்கும் தெரியும். யாரோ ஒருத்தி தடுக்க வந்தாள். விஜயகுமாரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வுடு. அழட்டும்" என்றார். அவரும் படியிறங்கி வந்து தனக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அர்ச்சனா மணையிலிருந்து எழுந்து வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். நான் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தேன். அரிகரனின் ஆட்கள் ஒவ்வொருவராகத் தட்டை இறக்கிவிட்டுப் பந்தலுக்கு வெளியே போனார்கள். அவனும் போனான். தனக்கொடி அவன் போனதைப் பார்க்கவே இல்லை, அவள் தன் புருஷனுக்காக அழுதுகொண்டிருந்தாள்.